மீன் பெட்டியில் மஞ்சள் ஐஸ்

குளிர்பெட்டி திருத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, கருவிப் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று உங்களுக்குப் படிப்பித்தவர்கள் சொல்லியிருப்பார்கள். நான் இன்னும் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். சந்தேகம். அது இல்லாமல் ஒரு கடைக்குள்ளும் கால் வைக்காதீர்கள். என் மனைவி இதைக் குணக்கேடு என்கிறாள். ஒரு கலியாண வீட்டில் தந்த ஐஸ்கிறீமைக் கரண்டியால் கிண்டிப் பார்த்து, "உது ஒருக்கா உருகித் திரும்ப இறுகினது" என்று சொல்லி அவளுடைய மானத்தை வாங்கியவன் நான். அன்றைக்குப் பிறகு கலியாண வீடுகளில் அவள் என் பக்கத்தில் இருப்பதில்லை.

ஐஸ் பிடித்த பெட்டியைக் கண்டவுடன் எல்லோருக்கும் ஒரே புத்திதான் வரும். சுடுதண்ணீர் கொண்டு வா, ஊற்று, கரை. கடைக்காரருக்குச் சாமான் பழுதாகிறது, அவர் அவசரப்படுகிறார், சரி. நாங்களும் அல்லவா சேர்ந்து ஊற்றுகிறோம்! ஐஸோடு சேர்ந்து ஐஸுக்கான காரணமும் கழிவுநீர்க் கானுக்குள் ஓடிவிடுகிறது. பிறகு அடுத்த கிழமை அதே கடை, அதே பெட்டி, அதே ஏச்சு. கரைப்பதற்கு முன் குந்தியிருந்து பாருங்கள். எந்த மூலையில் பிடித்திருக்கிறது, பஞ்சு போலவா, கண்ணாடி போலவா, என்ன நிறம், என்ன மணம் என்று பாருங்கள். முதலாளி பின்னால் நின்று கத்தினால் கத்தட்டும்.

இன்னொன்று. கடைக்காரரைக் கேட்டு வருகிற பதிலை அப்படியே நம்பாதீர்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அரியாலையில் ஒரு இறால் வியாபாரியின் பெட்டிக்கு மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று கேட்டேன். "இறுக்கமாத்தான் மூடிக் கிடக்கு" என்று சத்தியம் செய்தார். போய்ப் பார்த்தால் மூடிக்கு அடியில் ஒரு பனை ஈர்க்குக் கட்டு. "இதென்ன?" என்றேன். "அது மூச்சு விடுறதுக்கு" என்றார். அவருடைய கணக்கில் பெட்டி மூடித்தான் இருந்தது. இந்த மனிதரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவருடைய பெரிய அண்ணன் போன்ற ஒருவரைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு நடந்தது. சுன்னாகத்தில் ஒரு சுப்பர்மார்க்கெட். அதன் முதலாளிக்கு வேறு இடங்களிலும் கடைகள் இருந்தன. எல்லாக் கடைகளின் குளிர்பெட்டிகளையும் நான்தான் பார்த்துவந்தேன். என் வீட்டு அடுப்பு பெரும்பாலும் அந்த மனிதராலேதான் எரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மனிதர், கோயில் குளம் என்று வாழ்கிறவர், கூலியை இழுத்தடிக்காதவர். ஆனால் ஒன்று மனதில் பிடித்தால் அதை விடமாட்டார்.

அந்தக் கடையில் மீன் விற்பதற்கு அண்மையில் இறக்கிய ஒரு நீளப் பெட்டி, மேலே திறந்தது. ஒரு பக்க விளிம்பிலிருந்து குளிர்காற்று வந்து, மீன் பொதிகளின் மேலால் ஓடி, எதிர் விளிம்பில் இருக்கிற நீளமான கம்பி வலைக்குள் இறங்கும். வலைக்குக் கீழேதான் விசிறியும் குளிர்க் குழாய்களும். அந்தக் காற்று ஓடுகிற வரையில் மீனுக்குச் சுகம். காற்று நின்றால் குழாயில் ஐஸ், மேலே மீன் இளகும்.

அந்தப் பெட்டி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐஸ் பிடிக்கத் தொடங்கியது. நான் முதுகுப் பிடிப்போடு படுக்கையில் கிடந்த காலம். வேறொரு மெக்கானிக் வந்து ஐஸ் கரைக்கிற டைமரை மாற்றினார், சூடாக்கியை மாற்றினார், ஐஸ் நிற்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் வாங்கிய சீலா மீன் துண்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்து, சனம் பார்க்கக் காசுமேசையில் வைத்து மணக்கக் கொடுத்தாராம். அதற்குப் பிறகுதான், ஒரு சனிக்கிழமை காலை, முதலாளி என்னைத் தொலைபேசியில் பிடித்தார்.

"அண்ணை, முதுகு எப்பிடியெண்டாலும் வாங்கோ. இண்டைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்ட வேணும்."

நான் முதலில் சந்தேகப்பட்டது அந்த மெக்கானிக்கைத்தான். கோபிக்காதீர்கள், எங்கள் ஆட்களில் சிலர் ஒரு பழுதைப் பாதி திருத்திவிட்டு மீதியை அடுத்த வரவுக்கு வைத்திருப்பார்கள். அவர் செய்த வேலையை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். சுத்தமான வேலை. என் சந்தேகம் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த ஆளைத் தேடிப் போனது.

அடுத்த ஆளை முதலாளியே தயாராக வைத்திருந்தார். மீன் பகுதியில் நிற்கிற ஜசிந்தா. குருநகர்ப் பெண், நாற்பது வயது இருக்கும். கணவர் படகில் விழுந்து இடுப்பு முறிந்து வீட்டில் இருந்தார். மகள் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். ஜசிந்தாவின் சம்பளத்தில்தான் அந்த வீடு நின்றது. காலையில் வருகிற மீனையும் இறாலையும் பின்கட்டில் மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவி, துடைத்து, பொதி கட்டி அடுக்குவது அவள் வேலை. மீன் வாங்குகிறவர்களோடு அவள் கதைக்கிற அழகுக்காகவே வருகிறவர்கள் இருந்தார்கள்.

"இவவின்ரை தம்பி ஸ்டேசனடிப் புதுக் கடைக்கு மீன் குடுக்கிறான்" என்றார் முதலாளி, அவள் காதில் விழ. "எங்கடை மீன் நாறினால் ஆருக்கு லாபம்? யோசியுங்கோ அண்ணை."

காசுமேசையில் இருந்த பெண், முதலாளியின் தங்கை மகள், தலையைத் திருப்பாமல் சொன்னாள். "சனிக்கிழமையிலை பெட்டியடிக்கு முதல் போறது அவதானே மாமா."

ஜசிந்தா ஏப்ரனில் கையைத் துடைத்தபடி நின்றாள். "முதல் போறது மீன் என்ரை பகுதி எண்டபடியாலை. ஐஸைக் கண்டு முதல் சொல்லுறதும் நான்தானே ஐயா. செய்யிறவள் வந்து சொல்லுவாளே?"

"கெட்டிக்காரி சொல்லுவாள்" என்றார் முதலாளி.

நான் பெட்டியடியில் குந்தினேன். வலைக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்தேன். காற்று இல்லை. வலையைக் கழற்றினேன். அதுவரை எல்லோரும் மேலே இருந்த வெள்ளை ஐஸைத்தான் சுரண்டிச் சுடுதண்ணீர் விட்டிருந்தார்கள். அடியில் இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. விசிறியடியில் ஒரு கட்டியாய் இறுகிக் கிடந்தது. உடைத்து எடுத்துப் பார்த்தால் ஒரு படை வெள்ளை, ஒரு படை மஞ்சள், திரும்ப வெள்ளை, திரும்ப மஞ்சள், அடுக்குக் கேக் துண்டு போல.

முதலாளி என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதை ஒளிப்பதற்குள் காசுமேசைப் பெண்ணும் வந்து மூக்கை வைத்துவிட்டாள்.

"மாமா, மஞ்சள் மணக்குது!"

அவ்வளவுதான். முதலாளி உரத்த குரலில் கடை முழுவதற்கும் கேட்கச் சொன்னார். "பாருங்கோ எல்லாரும்! மீன் கழுவின மஞ்சள் தண்ணியைக் கொண்டுவந்து ஊத்தியிருக்கிறாள். இந்தக் கடைச் சோத்தைத் திண்டுகொண்டு கள்ள வேலை பாத்திருக்கிறாள்."

அரிசி நிறுக்கிறவர்கள், சாமான் அடுக்குகிறவர்கள், வாங்க வந்த சனம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜசிந்தாவின் முகம் செத்துப்போனது. "மாதாவாணை நான் செய்யேல்லை" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பழியில் எனக்கும் பங்கு இருந்தது, வெளிப்படையாகச் சொல்கிறேன். நான் கையில் எடுத்த ஐஸ் அல்லவா அது.

அந்தக் கட்டியைத் தேநீர்க் கோப்பையில் போட்டு உருக விட்டு மணந்து பார்த்தேன். மஞ்சள் மணந்தது. மீன் மணக்கவில்லை. இறால் கழுவிய தண்ணீர் என்றால் அதை ஐஸ் ஆக்கினாலும் ஆவி ஆக்கினாலும் நாற்றம் விடாது. அதோடு அந்தப் படைகள். கோபத்தில் கெடுதல் செய்கிறவன் இன்றைக்குச் செய்வான், நாளைக்குச் செய்வான், பிறகு பயத்தில் ஒரு மாதம் விட்டுவிடுவான். இதுவோ தவறாமல், அளவாக, ஒழுங்காக விழுந்த மஞ்சள். பழி தீர்க்கிறவனுக்கு இவ்வளவு ஒழுக்கம் வராது என்று எனக்குப் பட்டது.

முதலாளியை ஒரு பக்கம் கூப்பிட்டுக் கேட்டேன். "முதலாளி, வேறை ஆரேன் இந்தப் பெட்டிக்குத் தண்ணி விடுறவையோ?"

"ஒருதரும் இல்லை."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை எங்கடை கடையிலை மீனே விக்கிறேல்லை. அவளுக்கும் அண்டைக்கு லீவு. அந்தப் பெட்டியை ஒருதரும் தொடமாட்டினம்."

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அது எனக்கு இன்னும் சந்தேகத்தைத் தந்தது. ஒருவரும் தொடாத நாளுக்கு அடுத்த காலைதான் ஐஸ் வருகிறது.

"எனக்கு ஒரு கிழமை தாங்கோ" என்றேன். "இப்ப முழு ஐஸையும் எடுத்துத் துடைச்சு விடுறன். திரும்ப எப்ப பிடிக்குதெண்டு பாப்பம்."

"தாறன். ஆனா அவள் இந்தக் கிழமை கடைப் படி மிதிக்கக் கூடாது. அவள் நிக்காத கிழமை ஐஸ் பிடிக்காட்டில், அவள்தான். பேந்து நீங்கள் ஒண்டும் கதைக்கப்படாது."

நான் ஓம் என்றேன். ஜசிந்தா தொப்பியையும் ஏப்ரனையும் மடித்துப் பெட்டிக்குப் பக்கத்துத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் போய் வலைக்கு மேலே கையைப் பிடித்தேன். ஞாயிறு நல்ல காற்று. திங்கள் நல்ல காற்று. செவ்வாய் விரல் விறைத்தது, அவ்வளவு நல்ல காற்று. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், வாழ்நாளெல்லாம் ஐஸ் பிடிக்கக்கூடாது என்று வேலை செய்தவன், அந்தக் கிழமை ஐஸைக் காணோமே என்று தவித்தேன். முதலாளியோ காசுமேசைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

புதன்கிழமை கடையை விட்டு வெளியே வந்தால், சந்தைப் பக்கம் வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஜசிந்தா நின்றாள். குருநகரிலிருந்து பஸ் எடுத்து வந்திருக்கிறாள்.

"அண்ணை, ஐஸ் பிடிச்சிட்டுதோ?"

"இன்னும் இல்லை."

அவள் தலையில் கை வைத்தாள். "நேத்து அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொழுத்தினனான், எப்பிடியும் ஐஸ் பிடிக்க வேணுமெண்டு. எங்கடை ஒழுங்கை வீடுகள் முழுக்கக் கதை பரவீட்டுது அண்ணை. மகள் ரியூசனுக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறாள். கள்ளியின்ரை பிள்ளை எண்டு ஆரோ சொல்லிப் போட்டாங்களாம்."

எனக்கு அந்தப் பிள்ளையை நினைக்கத் துக்கமாக இருந்தது. ஆனாலும் என் குணம் போகுமா? ஐஸ் பிடித்தால் லாபம் இப்போது இவளுக்குத்தானே, கடைக்குள் வேண்டிய ஆள் யாரும் இவளுக்கு இருந்தால் ஒரு செம்பு தண்ணீர் விட எவ்வளவு நேரம் என்று மனம் ஓடியது.

"தங்கச்சி, கடைக்குள்ளை ஆரோடையும் இதைப் பற்றிக் கதைக்காதையும். ஒருதரையும் ஒண்டும் செய்யச் சொல்லாதையும்" என்றேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் என்னைச் சந்தேகப்படுறியளோ?"

"நான் எல்லாரையும்தான் சந்தேகப்படுறனான். முதலாளியையும் சேர்த்து."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு பஸ் நிலையத்துக்குப் போனாள்.

வியாழன் பின்னேரமும் பெட்டி சுத்தம். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு, பிளேன்ரீ தந்து, அன்பாகவே சொன்னார். "அண்ணை, அவள் இல்லை, ஐஸும் இல்லை. இனி ஏன் இழுப்பான்? சனிக்கிழமை வேறை ஒரு பிள்ளையை வரச் சொல்லிட்டன். ஆரேன் கேட்டால், நீங்களும் அப்பிடித்தான் எண்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

ஒரு வார்த்தை. தம்பிமாரே, உங்களிடமும் இதைக் கேட்பார்கள். ஆணி, குறடு கேட்கமாட்டார்கள், உங்கள் வாயைத்தான் கேட்பார்கள். இயந்திரம் தெரிந்தவன் சொன்னால் சனம் நம்பும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமை என் கையில் இருந்த சாட்சி எல்லாம் ஜசிந்தாவுக்கு எதிராகத்தான் இருந்தது. அவளுக்காக இருந்தது ஒரு மணம் மட்டும்.

"ஒரு கிழமை எண்டுதானே கதைச்சனாங்கள்" என்றேன். "கிழமைக்குள்ளை வெள்ளியும் கிடக்கு முதலாளி."

"வெள்ளிக்கிழமை என்ன அண்ணை நடக்கப் போகுது?" என்று சிரித்தார்.

வெள்ளி காலை கடை திறக்கிற நேரத்துக்குப் போனேன். கருவிப் பை கொண்டுபோகவில்லை, வேட்டி கட்டித் திருநீறு பூசி, சாமான் வாங்க வந்தவன் போலப் போனேன். ஒரு கற்பூரப் பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பருப்புத் தட்டுகளுக்குப் பின்னால் நின்றேன்.

மீன் பெட்டி ஒரு வெள்ளை வேட்டியால் மூடிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை கடைக்கு வருகிற சைவ ஆட்களின் கண்ணில் மீன் படக்கூடாது அல்லவா, அதற்காக. வேட்டி நடுவில் தொய்ந்து, ஓரம் நேரே காற்று இறங்கும் வலைக்கு மேலே படிந்து கிடந்தது. காற்று உள்ளே இறங்க வழியில்லை.

முதலாளி தலை தோய்ந்து, ஈர முடியோடு வந்தார். ஒரு கையில் பித்தளைச் செம்பு, மறு கையில் மாவிலை. சாமிப் படத்தடியில் தொடங்கி, வாசலுக்கு, காசுமேசைக்கு, அரிசி மூட்டைகளுக்கு என்று மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு சொட்டு. மீன் பெட்டிக்கு வந்ததும் மனிதர் நின்றார். அது புலால் இருக்கிற இடம், அந்த ஒரு இடத்துக்குத்தானே சுத்தம் கூட வேண்டும்? சுற்றி வந்து சுற்றி வந்து தெளித்தார். கடைசியில் செம்பில் மிஞ்சியதையும் அந்த ஓரம் நெடுகக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, கண்ணை மூடித் தேவாரத்தின் கடைசி அடியை முணுமுணுத்தார்.

கண்ணைத் திறந்தபோது நான் எதிரில் நின்றேன்.

"அண்ணை? நீங்கள் என்ன இந்த நேரம்?"

நான் வேட்டியின் ஓரத்தைத் தூக்கினேன். வலையைக் கழற்றினேன். மஞ்சள் தண்ணீர் விசிறியடியில் அப்போதுதான் இறுகத் தொடங்கியிருந்தது. அவருடைய கையைப் பிடித்து அதில் வைத்தேன்.

"இது மீன் கழுவின தண்ணியோ முதலாளி?"

கையை எடுத்தார், மணந்தார். முகம் சிவந்தது. "மஞ்சள் தண்ணியாலை மிசின் பழுதாகுமெண்டு சொல்லுறியளோ? அப்பா கடை வைச்சிருந்த காலத்திலை இருந்து தெளிக்கிறம்!"

"அப்பான்ரை கடையிலை மீன் பெட்டி இருந்ததோ?"

முதலாளி செம்பைக் கவிழ்த்துப் பார்த்தார், தண்ணீர் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு குரல் இறங்கிப்போனது. "நீங்கள் தண்ணி விடுறவையோ எண்டு கேட்டனீங்கள். நான் இல்லையெண்டனான். கடவுளறிய அது பொய் இல்லை அண்ணை. இதை நான் தண்ணி விடுறது எண்டு ஒருநாளும் நினைக்கேல்லை."

நம்பினேன். அவர் கும்பிட்டார், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மனிதர்கள் செய்கிற வேலையைக் கேட்டால் சொல்வார்கள். கும்பிடுவதை, பழகிப்போனதை, வேலை என்று அவர்கள் எண்ணுவதில்லை. ஆகவே "யார் பிழை செய்தது" என்று கேட்காதீர்கள். "இந்தக் கடையில் கிழமை முழுவதும் என்ன நடக்கிறது" என்று நின்று பாருங்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். வேலைக்கு வந்த ஆட்கள் இன்னும் பின்கட்டில்தான் இருந்தார்கள்.

"சரி. இனி இதுக்குத் தெளிக்கேல்லை. வேட்டியும் போடேல்லை. நீங்கள் இந்த ஐஸைக் கெதியாக் கரைச்சு விடுங்கோ. ஒருதருக்கும் சொல்ல வேண்டாம்."

"ஜசிந்தா?"

"வரட்டும். வேலையைச் செய்யட்டும். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"சொல்ல வேணும் முதலாளி. எல்லாருக்கும் முன்னாலைதானே கள்ள வேலை எண்டனீங்கள். எல்லாருக்கும் முன்னாலைதான் இல்லையெண்டும் சொல்ல வேணும்."

"ஒரு முதலாளி வேலையாக்களுக்கு முன்னாலை நிண்டு..." என்று தொடங்கி நிறுத்தினார். "உங்களுக்கு இந்தக் கடையள் எல்லாம் நான் தந்த வேலை அண்ணை. அதை யோசியுங்கோ."

யோசித்தேன். யோசிக்காமல் இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. ஒரு வாளி சுடுதண்ணீர் போதும், எல்லாம் கானுக்குள் போய்விடும், முதலாளியின் மரியாதையும் நிற்கும், என் அடுப்பும் எரியும், ஜசிந்தாவுக்கு வேலையும் கிடைக்கும். எல்லோருக்கும் நல்லதுதானே? ஆனால் அந்தப் பிள்ளை ரியூசனுக்குப் போகும் வழியில் கேட்கிற சொல்லை எந்தச் சுடுதண்ணீர் கரைக்கும்?

"நான் இந்த ஐஸைத் தொடமாட்டன்" என்றேன். "நாளைக்கு அவ வந்து, எல்லாரும் பாத்த பிறகு எடுக்கிறன். இல்லையெண்டால் வேறை ஆளைக் கூப்பிட்டுக் கரையுங்கோ. கற்பூரத்துக்கு எவ்வளவு?"

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரே? அந்தாள் நாளைக்கு வேறை மெக்கானிக்கைப் பிடிச்சால் என்ன செய்யிறது?" பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிள்ளை படிக்கிறது ஆட்ஸோ கணிதமோ?" என்று கேட்டாள். அதற்குமேல் என்னை ஏசவில்லை.

சனிக்கிழமை போகும்போது, பெட்டி துடைத்துச் சுத்தமாக இருக்கும், என்னை வாசலோடு திருப்பி அனுப்புவார்கள் என்றுதான் நினைத்தேன். என் குணம் உங்களுக்குத் தெரியுமே. ஆனால் ஐஸ் அப்படியே இருந்தது. வேட்டியும் அதோடு ஒட்டி அப்பளம் போல விறைத்துக் கிடந்தது. மனிதர் அதை எடுக்கவேயில்லை. புதுப் பிள்ளையை வரவேண்டாம் என்றுவிட்டு, ஜசிந்தாவுக்கு ஆள் விட்டு வரச் சொல்லியிருந்தார். அவள் வாசலில், உள்ளே வராமல், செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

முதலாளி எல்லோரையும் பெட்டியடிக்குக் கூப்பிட்டார். தொண்டையைச் செருமினார். கொஞ்ச நேரம் தன் செருப்பைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டிக்குத் தண்ணி விட்டது நான்" என்றார். "வெள்ளிக்கிழமையிலை தெளிக்கிற தண்ணி. வேட்டி போட்டுக் காத்தை மறிச்சதும் நான். ஜசிந்தாவிலை ஒரு பிழையும் இல்லை. நான் சொன்ன சொல் பிழையான சொல்."

காசுமேசைப் பெண் தாலிக்கொடியைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். ஜசிந்தா அழவில்லை, நன்றியும் சொல்லவில்லை. உள்ளே வந்து, தட்டில் மடித்தபடி கிடந்த ஏப்ரனை எடுத்து உதறிக் கட்டினாள். "எங்கடை ஒழுங்கையிலையும் ஒருக்கா வந்து சொல்லுவியளோ ஐயா?" என்று மட்டும் கேட்டாள். முதலாளி தலையாட்டினார். பின்னேரம் அவர் வான் குருநகர்ப் பக்கம் போனது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஐஸை எடுத்தேன். அந்தக் கிழமைக்குள் பெட்டிக்கு மேலே தள்ளித் திறக்கிற கண்ணாடி மூடி ஒன்று போட்டுக் கொடுத்தேன். "இனி வெளியாலை எவ்வளவும் தெளியுங்கோ, உள்ளுக்குப் போகாது" என்றேன். முதலாளி கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஓம் என்றார்.

அடுத்த வெள்ளி காலை நான் திரும்பப் போனேன். ஒருவரும் கூப்பிடவில்லை. முதலாளியை நம்பாமலா என்று கேட்டால், ஓம், நம்பாமல்தான். ஒரு கற்பூரப் பெட்டியை எடுத்துக்கொண்டு பருப்புத் தட்டுகளுக்குப் பின்னால் போனேன். அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் நின்றது. ஜசிந்தா. லீவு நாள், நல்ல சட்டை, கழுத்தில் சிலுவை. அவள் கையிலும் ஒரு கற்பூரப் பெட்டி.

"வேதக்காரப் பிள்ளைக்கு என்னத்துக்குக் கற்பூரம்?" என்று மெல்லக் கேட்டேன்.

"அலுமாரிக்கை போட்டால் பூச்சி வராது" என்றாள். பிறகு என் கையைப் பார்த்தாள். "உங்கடை வீட்டிலை போன கிழமை வாங்கினது முடிஞ்சுதோ அண்ணை?"

"உமக்கு ஆர் சொன்னது போன கிழமை வாங்கினதெண்டு?"

"விசாரிச்சனான்" என்றாள். "எல்லாரையும்தான் விசாரிச்சனான். உங்களையும் சேர்த்து."

முதலாளி செம்போடு வந்தார். வாசலுக்குத் தெளித்தார், மூட்டைகளுக்குத் தெளித்தார். மீன் பெட்டிக்குக் கிட்ட வந்ததும் நின்றார். கண்ணாடி மூடிமேல் இரண்டு சொட்டு, அவ்வளவுதான், செம்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். திரும்பும்போது எங்கள் இரண்டு பேரையும் கண்டார். எங்கள் கையில் இருந்ததையும் கண்டார். செம்பைக் கீழே வைத்தார். பிறகு காசுமேசையைப் பார்த்து, "உவை ரெண்டு பேரிட்டையும் கற்பூரத்துக்குக் காசு வாங்காதை" என்றார்.

"வேண்டாம் ஐயா, வாங்கினதுக்குக் குடுக்கத்தான் வேணும்" என்று ஜசிந்தா காசை மேசையில் வைத்தாள். திரும்பி வந்து பெட்டியடியில் குந்தினாள். கண்ணாடி மூடியைக் கொஞ்சம் தள்ளினாள். நான் செய்ததைப் பார்த்தவள்தானே, வலைக்கு மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"காத்து நல்லா வருது அண்ணை" என்றாள். என்னிடம் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள், ஆனால் கடை முழுவதற்கும் கேட்கச் சொன்னாள்.